நாபிக் கமலத்தில் பிரம்மா: ஒரு சித்திரக்காரனின் அனுபவம்

(கிழக்கேகோட்டையில் நவராத்திரியை ஒட்டி நடந்த அங்கத்தினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களும் படித்து ரஸிக்க வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம்.)

 

பேசுவது எனக்குத் தொழில் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றவன் நான். நம் காரியதரிசி ஒரு மாதமாக விடாமல், "மாமா, நீங்கள் ஸ்வாமி படம் எப்படிப் போடுகிறீர்கள் என்று சொன்னால் போதும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லா ஸ்வாமியையும் பற்றிச் சொல்ல நேரம் போதாது. ஒரே ஒரு ஸ்வாமியைப் பற்றிச் சொல்கிறேன். அவரை எழுதத்தான் நான் மிகவும் கஷ்டப்பட்டேன். அவர் பிரம்மா.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பம்பாயில் இருக்கும் ஒரு தம்பதி, தங்கள் பீமரத சாந்திக்காக அனந்தசயனப் படம் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். அதைப் பிரதி எடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் தாம்பூலத்தோடு கொடுப்பதாக உத்தேசம். நாலடி அகலப் பலகை. பலகை தயாரிப்பு தஞ்சாவூர் முறை: துணியை ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் பூசி, கூழாங்கல்லால் வழவழவென்று தேய்ப்பது. வர்ணம் மலையாளத்துச் சுவர்ச் சித்திர முறை. நம்மைப் போலவே அந்தப் படமும் தஞ்சாவூரும் மலையாளமும் கலந்த ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெருமாள் நன்றாகவே வந்தார். ஆதிசேஷன் வந்தான். நாபியிலிருந்து தண்டு, தண்டின் முனையில் தாமரை, எல்லாம் வந்தது. தாமரைமேல் உட்கார வேண்டியவர் மட்டும் வரவில்லை. பெருமாள் மூன்றடி நீளம் என்றால், பிரம்மா மூன்று விரல் உயரம். அந்த மூன்று விரலுக்காக ஐந்து வாரம் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன்.

நடுவாசல்

பத்மநாபஸ்வாமி ஸன்னதியை நீங்கள் எல்லோரும் ஸேவித்திருப்பீர்கள். ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறி நின்றால் மூன்று வாசல்கள். முதல் வாசலில் திருமுகமும், திருக்கரத்தின் கீழ் சிவலிங்கமும். நடுவாசலில் நாபியும், கமலமும், அதில் பிரம்மாவும். மூன்றாவதில் திருவடி. ஏறக்குறைய 18 அடி நீளமுள்ள மூர்த்தி. 1686-ல் கோயில் தீப்பிடித்ததற்குப் பிறகு, மார்த்தாண்டவர்மா மஹாராஜா காலத்தில், 12,008 ஸாளக்கிராமங்களை உள்ளே வைத்து, கடுசர்க்கரை யோகம் என்கிற கலவையால் அமைத்தது என்பது ஸம்பிரதாயம். அதனால் மூலமூர்த்திக்கு அபிஷேகம் கிடையாது. நிர்மால்யத்தைக்கூட மயில்பீலியால்தான் களைகிறார்கள்.

நான் பிறந்ததிலிருந்து இந்தக் கோட்டைக்குள் இருக்கிறவன். எத்தனை ஆயிரம் தடவை ஸேவித்திருப்பேன்! ஆனால் நடுவாசலில் நான் நாபியைப் பார்த்திருக்கிறேன், உத்ஸவ மூர்த்திகளைப் பார்த்திருக்கிறேன், பிரம்மாவைக் கவனித்துப் பார்த்ததில்லை. எழுத உட்கார்ந்தபோதுதான் அது தெரிந்தது. படம் எழுதுகிறவனுக்கு இது ஒரு தண்டனை. எதைப் பார்க்காமல் விட்டோமோ, அது பென்சில் முனையில் வந்து நின்றுகொண்டு நம்மைக் கேள்வி கேட்கும்.

மறுநாள் காலையில் ஸன்னதிக்குப் போய் நின்றேன். எண்ணெய் விளக்கு வெளிச்சம், பின்னால் வரிசை. ஒரு நிமிஷம் நிற்க முடிந்தால் பாக்கியம். அங்கிருந்து மேற்கே நடந்து மித்ரானந்தபுரம் போனேன். அங்கே பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவருக்கும் தனித்தனி ஸன்னதி. பிரம்மாவுக்குக் கோயிலே கிடையாது என்று பேசுகிறோமே, நம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அன்றிலிருந்து அந்த ஐந்து வாரமும் தினம் அங்கே போனேன்.

முகமும் தாடியும்

முதல் கேள்வி முகம். பிரம்மாவுக்கு நான்கு முகம். பலகையோ தட்டை. சிற்பி செய்ததைத்தான் நாமும் செய்ய வேண்டும்: மூன்று முகம் தெரியும், நான்காவது பின்னால் இருப்பதாக பாவனை. சமீபத்தில் நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ கணினியைக் கேட்டு வாங்கிய ஒரு பிரம்மா படத்தைப் போட்டிருந்தார். அதி அழகு, ஆனால் ஐந்து முகம். ஐந்தாவது தலையைத்தான் சிவபெருமான் கொய்துவிட்டாரே! அந்தக் கதைக்கென்றே தஞ்சாவூர் பக்கம் கண்டியூரில் கோயில் இருக்கிறது. யந்திரத்துக்குக் கண்டியூர் தெரியாது. அதைக் குறை சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்தால்தானே அதற்கும் தெரியும்?

இரண்டாவது கேள்வி தாடி. காலண்டரில் பிரம்மா என்றால் வெள்ளைத் தாடித் தாத்தா. ஆனால் சோழர் காலத்துச் சிவன் கோயில்களில் வடக்குக் கோஷ்டத்தில் நிற்கிற பிரம்மாவைப் போய்ப் பாருங்கள். தாடி இல்லாத இளைஞர். ஜடாமகுடம், கையில் அக்ஷமாலை, கமண்டலம். நான் சிற்பிகள் பக்கம் நின்றேன். அப்போதுதான் தாமரையில் தோன்றியவருக்கு நரைத்த தாடி எப்படிப் பொருந்தும் என்பது என் நியாயம்.

அளவுக்கும் விதி இருக்கிறது. சிற்ப சாஸ்திரத்தில் மும்மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம், அதாவது உச்சி முதல் பாதம் வரை 124 அங்குலம் என்று கணக்கு. இந்த அங்குலம் கடையில் விற்கும் ஸ்கேலில் உள்ளது இல்லை. மூர்த்தியின் உயரத்தையே பிரித்து எடுப்பது. எந்த மூர்த்தியை எழுதினாலும் நடுவே செங்குத்தாக முதலில் ஒரு கோடு போடுவோம். அந்தக் கோட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? பிரம்மசூத்திரம். பிள்ளையாரை எழுதினாலும் அம்பாளை எழுதினாலும் முதல் கோடு பிரம்மாவின் பெயரில்தான். படம் முடிந்தபிறகு அந்தக் கோடு தெரியாது.

வர்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்றைக்குப் பெரும்பாலும் நானும் அக்ரிலிக்தான் உபயோகிக்கிறேன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் இந்தப் படத்துக்குப் பழைய முறை. மஞ்சளும் சிவப்பும் மண்ணிலிருந்தும் வெட்டுக்கல்லிலிருந்தும். கறுப்பு நல்லெண்ணெய் விளக்கின் கரி. பச்சைக்கு நீலயமரி என்று மலையாளத்தில் சொல்கிற அவுரியோடு எரவிக்கரா என்கிற மஞ்சள் பிசினைக் கலப்பது. வெள்ளைக்கு வர்ணம் இல்லை. சுவரின் வெள்ளையையே விட்டுவிடுவது. ஸத்வ குணத்துக்குப் பச்சை, ஆகவே பெருமாள் பச்சை. ரஜோ குணத்துக்குச் சிவப்பும் பொன்மஞ்சளும், ஆகவே ஸ்ருஷ்டி செய்யும் பிரம்மா பொன்னும் சிவப்பும். முதலில் மஞ்சளில் லேசான கோடு, அதன்மேல் சிவப்புக் கோடு, பிறகு வர்ணம் நிரப்புவது, பிறகு நிழல் கொடுப்பது, பிறகு கறுப்பில் கோடு. கடைசியில் கண் திறப்பது.

அந்தக் கண்ணில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

புத்தகம் வந்த வழி

இதற்கு நடுவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விதிகளெல்லாம் எனக்கு எங்கிருந்து கிடைத்தன? மலையாள நாட்டில் 16-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் என்பவர் சில்பரத்னம் என்ற நூலை இயற்றினார். சுவருக்குச் சுண்ணாம்பு எப்படிப் பூசுவது, தூரிகைக்குக் கன்றுக்குட்டியின் காது மயிரை எப்படிக் கட்டுவது என்பது வரை அதில் இருக்கிறது. தரையில் பொடியால் எழுதுவதைத் தூளிசித்திரம் என்று தனி வகையாகவே சொல்கிறார். ஆக, வாசலில் கோலம் போடுகிற நம் மாமிகள் எல்லோரும் சில்பரத்னப்படி சித்திரக்காரர்கள்தான்!

அந்த நூல் ஓலையில் இருந்தது. அதை அச்சில் கொண்டுவந்தவர் மஹாமஹோபாத்யாய த. கணபதி சாஸ்திரிகள். திருநெல்வேலிச் சீமை தருவைக்காரர், 1860-ல் பிறந்தவர், இந்த ஊருக்கு வந்து வாழ்ந்தவர். பாஸனின் நாடகங்களைக் கண்டெடுத்து உலகத்துக்குத் தந்த அதே சாஸ்திரிகள். இங்கே அவர் தொடங்கி நடத்திய நூல் வரிசையின் ஸம்ஸ்க்ருதப் பெயரே அனந்தசயன ஸம்ஸ்க்ருத கிரந்தாவளி. அதில் 1922-ல் சில்பரத்னத்தின் முதல் பாகம் வந்தது. 1926-ல் அவர் காலமானார். 1929-ல் இரண்டாம் பாகத்தை ஸாம்பசிவ சாஸ்திரிகள் பதிப்பித்தார். கணபதி சாஸ்திரிகள் சித்திரக்காரர் இல்லை. ஆனால் அவர் அந்த ஓலைகளை வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால், இன்று எனக்கு எழுத வழி தெரிந்திருக்காது.

ஓலை மட்டும் போதாது, கையும் வேண்டும். 1970 நவம்பர் 30-ஆம் தேதி இரவு குருவாயூர் கோயிலில் தீப்பிடித்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதில் ஸ்ரீகோவில் சுவர்ச் சித்திரங்கள் கெட்டுப்போயின. அவற்றைத் திரும்ப எழுத வேண்டி வந்தபோது, பழைய முறை தெரிந்த கைகள் மிகக் கொஞ்சமே மிச்சம். மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் போன்ற சிலர் முன்னின்று எழுதிக் கொடுத்தார்கள். அத்தோடு நிற்காமல், 1989-ல் தேவஸ்வம் அங்கேயே ஒரு சித்திரப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. கிருஷ்ணன்குட்டி நாயர்தான் அதற்கு முதல் குரு. இன்று கேரளத்தில் எங்கே பார்த்தாலும் சுவர்ச் சித்திரம் தெரிகிறதே, புடவையில்கூட வந்துவிட்டதே, அதற்கு அந்தப் பள்ளிக்கூடம் பெரிய காரணம்.

மூடத்து மடத்தில் ஒரு பையன்

இனி நம் கோட்டைக்குள் நடந்த கதை. 1862-ல் கிளிமானூரிலிருந்து பதினான்கு வயசுப் பையன் ஒருவனை அவனுடைய மாமா ராஜராஜவர்மா இங்கே அழைத்து வந்தார். ஆயில்யம் திருநாள் மஹாராஜா அவர்களைக் கோட்டைக்குள் மூடத்து மடத்தில் தங்க வைத்தார். அந்தப் பையன்தான் பிற்காலத்து ராஜா ரவிவர்மா.

அப்போது அரண்மனை ஓவியராக இருந்தவர் மதுரையிலிருந்து வந்த ராமசாமி நாயக்கர். எண்ணெய் வர்ணத்தில் தேர்ந்தவர். பையனின் கையைப் பார்த்ததும் இவன் நமக்குப் போட்டியாக வருவான் என்று தெரிந்துவிட்டது, சொல்லித் தர மறுத்துவிட்டார் என்று ரவிவர்மாவின் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நாயக்கரிடம் சிஷ்யராக இருந்த ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் இராத்திரி வேளையில் வந்து, தனக்குத் தெரிந்ததைப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். 1868-ல் தியடோர் ஜென்ஸன் என்ற வெள்ளைக்கார ஓவியர் வந்தார். அவரும் சொல்லித் தரவில்லை. எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள மட்டும் அனுமதித்தார்.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. 1888-ல் பரோடா மன்னர் ஸயாஜிராவ் 14 புராணச் சித்திரங்கள் கேட்டார். புராண புருஷர்களுக்கும் ஸ்திரீகளுக்கும் என்ன உடை போடுவது என்று தெரிந்துகொள்ள, தம்பியோடு வடக்கெல்லாம் சுற்றினார் ரவிவர்மா. இங்கே திவானாக இருந்த கும்பகோணம் ஸர் டி. மாதவராவ், இவற்றை அச்சிட்டால் ஜனங்கள் எல்லோருக்கும் போய்ச் சேருமே என்று யோசனை சொன்னவர். 1894-ல் பம்பாயில் அச்சகம் ஆரம்பமானது. நஷ்டம் தாங்காமல் சில வருஷங்களில் அதை ஒரு ஜெர்மன்காரரிடம் விற்க நேர்ந்தது. ஆனால் அதற்குள் லக்ஷ்மியும் ஸரஸ்வதியும் ஏழை பணக்காரன் பேதமில்லாமல் பூஜை அறைக்குள் வந்துவிட்டார்கள். கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாதிருந்தவர்கள் வீட்டுக்கும் ஸ்வாமி போனார். இதை நாம் மறக்கக்கூடாது.

இத்தனைக்கும் நடுவில் ஆறுமுகம் பிள்ளைக்கு ஒரு சிலை உண்டா? தெருப் பெயர் உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை.

கண் திறந்தது

என் படத்துக்கு வருகிறேன். ஐந்தாவது வாரம். பிரம்மாவின் கண்ணை எப்படி எழுதினாலும் தப்பாகப் பட்டது. நேரே நம்மைப் பார்ப்பதாக எழுதினால், ஆபீஸில் மேலதிகாரி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மேலே பார்ப்பதாக எழுதினால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல. ஆத்துக்காரியே சொல்லிவிட்டாள், "இவர் உலகத்தைப் படைப்பார் என்று எனக்குத் தோணவில்லை" என்று!

அப்போது எங்கள் தெருவில் பாகவத ஸப்தாஹம் நடந்துகொண்டிருந்தது. வேலை ஓடாததால் போய் உட்கார்ந்தேன். உபன்யாஸகர் பிரம்மாவின் கதையைச் சொன்னார். தாமரையில் தோன்றிய பிரம்மா நாலு பக்கமும் திரும்பிப் பார்க்கிறார், அதனால் நான்கு முகம் வருகிறது. எங்கும் தண்ணீர். நான் யார், இந்தத் தாமரை எங்கிருந்து வந்தது என்று தண்டுக்குள் இறங்கித் தேடுகிறார். வெகுகாலம் தேடியும் வேர் கிடைக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்கிறார். அப்போது தண்ணீரிலிருந்து இரண்டே எழுத்து காதில் விழுகிறது: "தப". தபஸ் செய் என்று. செய்கிறார். அதன் பிறகு பகவானே அவருக்கு உபதேசம் செய்கிறார். அதற்கப்புறம்தான் ஸ்ருஷ்டி.

சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்குத்தான் உறைத்தது. படைக்கிறவருக்கே ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் தாமரைமேல் அதிகாரியாக உட்காரவில்லை, மாணாக்கனாக உட்கார்ந்திருக்கிறார். காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆத்துக்கு வந்து கை கால் அலம்பிக்கொண்டு உட்கார்ந்தேன். நடு முகத்தின் இமையைப் பாதி தாழ்த்தி, பார்வையைத் தண்டின் பக்கம் இறக்கினேன். தலையை ஒரு நூல் அளவு சாய்த்தேன். மூன்று விரல் உயரப் படத்தில் கண் என்பது கடுகில் பாதி. இரண்டு கோடு, ஒரு புள்ளி. அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆத்துக்காரி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. காபி கொண்டு வந்து வைத்தாள்.

ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், சாலைக் கடைத்தெருவில் பூக்கட்டி விற்கும் ஒருவருடைய மகன் என்னிடம் வந்தான். பதின்மூன்று வயசு இருக்கும். நான் எழுதிய கிருஷ்ணனைப் பென்சிலில் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தான். அஸல் கை. "சார், வர்ணம் போடச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டான். எனக்கு அப்போது படம் எழுதி நாலு காசு வர ஆரம்பித்த நேரம். இவன் நாளைக்குப் பாதி விலைக்கு எழுதிக் கொடுத்துவிடுவான் என்று மனசில் பட்டது. வெளியே அப்படியா சொல்வேன்? "இதற்கெல்லாம் சாஸ்திரம் படிக்க வேண்டும், தியான சுலோகம் தெரிய வேண்டும், உனக்கு எதற்கு?" என்றேன். இரண்டு தடவை வந்தான். மூன்றாவது தடவை வரவில்லை. நாயக்கர் கதையைப் படித்து ச்சூ கொட்டியவன்தான் நானும். என் வீட்டுத் திண்ணையில் நானே நாயக்கராக இருந்தது எனக்குத் தெரியவில்லை.

படத்தைப் பம்பாய்க்கு அனுப்பிவிட்டு, சாலையில் விசாரித்துக்கொண்டு போனேன். கொஞ்ச காலம் விளம்பரப் பலகை எழுதினானாம். ஃபிளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போயிற்று. இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். பழவங்காடி கணபதி கோயில் முன்னால் ஸ்டாண்டில் கண்டுபிடித்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கோபிக்கவில்லை. "சார், அந்தக் கிருஷ்ணனுக்குக் கண்ணு மட்டும் எப்படி எழுதினீங்கன்னு எனக்கு இப்பவும் பிடிபடலை" என்றான். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? திட்டியிருந்தால் தேவலை.

அந்த வருஷம் பத்மநாபபுரத்திலிருந்து ஸரஸ்வதி தேவி வழக்கம்போல ஊர்வலமாக வந்து நவராத்திரி மண்டபத்தில் எழுந்தருளினாள். கம்பர் பூஜித்த மூர்த்தி என்று நாம் கொண்டாடுகிறோம். விஜயதசமியன்று காலையில் என் திண்ணையில் ஒரு பாயை விரித்தேன். யார் வேண்டுமானாலும் வரலாம், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் வருஷம் நாலு பேர். இப்போது ஒன்பது பேர். நம் தெருக் குழந்தைகள் மூன்று பேர், மற்றவர்கள் வெளியே இருந்து. ஆட்டோக்காரரின் பெண்ணும் வருகிறாள். அப்பா கை அப்படியே இருக்கிறது. போன மாதம் அவள் கேட்டாள்: "மாமா, பின்பக்கத்து முகத்துக்கும் கண் எழுதணுமா?" தெரியாத முகத்துக்கு எதற்கம்மா கண் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "மனசில் எழுதிக்கோ" என்றேன்.

வெளியூர்களில் நம் அங்கத்தினர்கள் பலர் இந்தப் பேச்சைப் படிக்கப் போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்களுக்கு ஒன்று நன்றாக வரும். வேதமாக இருக்கலாம், கணக்காக இருக்கலாம், பதினைந்து புள்ளிக் கோலமாக இருக்கலாம், ஸாம்பார்ப் பொடியாகக்கூட இருக்கலாம். கேட்டு வருகிற ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். நம்மாத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று பார்க்காதீர்கள். நம் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பிள்ளை பக்கத்துத் தெருவில் இருக்கலாம். என்னைப் போல இருபத்தைந்து வருஷம் கழித்து ஆட்டோ ஸ்டாண்டில் போய்த் தேட வேண்டாம்.

படம் பார்க்க விரும்புகிறவர்கள் ஆத்துக்கு வரலாம். பிரதி ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது. பிரம்மாவைப் பார்க்கக் கண்ணாடி கொண்டு வாருங்கள்.